தேரில் அண்ணியின் பூ

ராயபுரம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணி,

எனக்குப் பிடித்த பூ எது? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. போனில் நீங்கள் கேட்டபோதும் தெரியவில்லை, பிறகு யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. அன்று அவசரத்தில் "தாமரை" என்றேன். நீங்கள் "பொய்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். பொய்தான்.

எல்லாம் உங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு நான் வரைந்து கொடுத்த செம்பருத்தியால் வந்தது. இத்தனை வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பூவை நெடுக அறுத்து, சூல்பை இங்கே, மகரந்தம் இங்கே என்று காட்டுவதற்காக வரைவதுதான் எனக்குத் தெரிந்த வரைதல். அந்தப் படத்தில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் நீங்கள், "கல்யாண நாளுக்கு எவளாவது அறுத்த பூவக் குடுப்பாளா? எக்ஸ்ரே எடுக்கக் குந்தினுகீற பேஷண்ட் மாதிரி கீது. ஒனக்குப் பிடிச்ச பூ இன்னாடி, அத்தச் சொல்லு மொதல்ல" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, பதில் வராதது உறுத்தியது.

அதற்குப் பிறகு நீங்கள் போனை எடுப்பதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணனைக் கேட்டால், "நான் கிரேன் மேல இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்" என்கிறார். எப்போது கேட்டாலும் அவர் கிரேன் மேல்தான் இருக்கிறார். அதனால் தபால்.

விஷயம் இது. நம் மாதா கோயில் தேரின் அடியைச் சுற்றி எட்டுப் பலகைகள் உண்டல்லவா? அவற்றில் இருக்கும் லில்லிப் பூக்களை யாரோ ஒருவர் காலண்டரைப் பார்த்து வரைந்தார். வருடா வருடம் அதன் மேலேயே பெயிண்ட் அடித்து அடித்து இப்போது எல்லாம் முட்டைக்கோஸ் போல ஆகிவிட்டன. அடித்துக்கொடுத்தவர் மகளோடு பெங்களூர் போய்விட்டார். திருவிழாக் கமிட்டி டெரிக் என்னிடம் வந்து, "டீச்சர், நீங்கதான் பூ போடுவீங்களே, மாதாவுக்கு எட்டுப் பூ போட்டுக் குடுங்க" என்றார். கோயிலுக்கு உள்ளே உட்கார்வதைவிட வெளியே நிற்பதே எனக்கு அதிகம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார். நானும் சரி என்றேன். உங்கள் எக்ஸ்ரே பேச்சு மட்டும் இல்லாவிட்டால் முடியாது என்றிருப்பேன்.

தேர்ப்பவனி செப்டம்பர் ஏழு. பிடித்த பூ ஒன்றுகூட இல்லாதவள் எட்டுப் பூவுக்கு எங்கே போவாள்?

ரூத்

*

கத்திவாக்கம், எண்ணூர்
8 ஆகஸ்ட் 2025

இயேசுவுக்குப் புகழ்!

ரூத்துக்கு அண்ணி பிலோமி எழுதுவது. கடிதத்தை நல்ல தமிழில்தான் எழுத வேண்டும் என்று கான்வென்ட் சிஸ்டர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். கோபம் வரும் இடங்களில் மட்டும் நம்ம பாஷை வந்துவிடும், பொறுத்துக்கொள்.

போனை எடுக்காதது திமிரால் இல்லை. அன்றைக்கு வைத்த கையோடு அந்தோணியார் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணிவிட்டேன். உனக்குப் பிடித்த பூ எது என்று நீ உன் வாயால் நிஜமாகச் சொல்லும்வரை உன்னிடம் பேசமாட்டேன் என்று. பண்ணின பிறகுதான் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரிந்தது. வாட்ஸ்அப் பேச்சில் சேருமா என்று ஃபாதரைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். சேரும் என்றே வைத்துக்கொண்டேன். கடிதம் சேராது. புனித பவுலே கடிதம் எழுதியவர்தான்.

இதில் அடி வாங்குவது உன் அண்ணன். உன்னிடம் பேச வேண்டியதையும் சேர்த்து அவரிடமே பேசுகிறேன். "சத்தியத்த வாபஸ் வாங்கு பிலோமி, காது வலிக்குது" என்கிறார். அவர் ஏன் எப்போதும் கிரேன் மேலேயே இருக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

மல்லிகை என்று சொல்லி இதை முடித்துவிடலாம் என்று நினைக்காதே. நீ மல்லிகை வைத்து நான் பார்த்ததில்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன்.

பூ தேடி இந்தப் பக்கம் வந்துவிடாதே. இங்கே செம்பருத்தி பூத்தாலும் அனல்மின் நிலையச் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் பூக்கிறது. அங்கேயே எதையாவது பார். ஆனால் அறுக்காதே.

பிலோமி

*

ராயபுரம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணி,

வராதே என்றீர்கள். நேற்று வந்தேன்.

அதற்கு முன் ஒரு வாரம் கோயில் வாசல் பூக்கடையில் நின்று பார்த்தேன். அங்கே பூவைக் காம்பு கிள்ளி, கழுத்தை நெரித்து, நாரில் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். மாலை இருக்கிறது, பூவைக் காணவில்லை. பிறகு ரயில் ஏறினேன். வழியெல்லாம் தண்டவாளத்தின் ஓரம் எருக்கு. எண்ணூரில் இறங்கி முகத்துவாரக்குப்பம் வரை போனேன். மணலில் அடம்புக்கொடி ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. உட்கார்ந்து வரைந்தேன். முடித்துப் பார்த்தால் மறுபடியும் எக்ஸ்ரே. நோட்டை மூடிவிட்டுத் திரும்பினேன்.

கத்திவாக்கம் ஸ்டேஷனுக்கு உங்கள் தெரு வழியாகத்தான் நடந்தேன். தெருமுனையில் தண்ணி லாரி நின்றிருந்தது. தெருவே குடத்தோடு அங்கே இருந்தது. எல்லோரும் நைட்டியில். எல்லா நைட்டியிலும் பூ.

அண்ணி, அவற்றில் ஒன்றுகூட உலகத்தில் பூத்ததில்லை. நீலக் காம்பில் ஊதா இலை. ஒரே கொடியில் ரோஜாவும் சூரியகாந்தியும். எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று கேட்டால் மாணவிகள் அழுதுவிடுவார்கள். ஒரு தாமரைக்கு ஐந்து இதழ், பக்கத்திலேயே அதே தாமரைக்கு ஏழு. குடத்துக்குக் குனியும்போது பூ மடங்கியது, நிமிரும்போது விரிந்தது. சிரித்தால் குலுங்கியது. இத்தனை பூவை நடுத்தெருவில் நான் எங்கும் பார்த்ததில்லை. இல்லை, தினமும் பார்க்கிறேன், எங்கள் தெருவிலும் இதேதான். பூ என்று தோன்றியதில்லை.

எல்லோர் தோளிலும் ஒரு துண்டு. நைட்டி வீட்டுக்கு, மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டால் தெருவுக்கு. இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருத்தியும் மீறுவதில்லை.

நடுவில் நீங்கள். பச்சை நைட்டி, அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஆரஞ்சுப் பூ. "யோவ் டிரைவரு, இன்னாத்துக்கு மூடுற? வரிசை கண்ணுக்குத் தெர்ல?" என்று கையை வீசினீர்கள். பூவும் கூடவே அவனை அதட்டியது.

நான் மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று வரைந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பேச முடியாமல் தவித்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் எதிர் ஹவுசிங் போர்டு மாடிகளின் கொடியில் காய்ந்த நைட்டிகளைப் பார்த்து மற்ற பூக்களையும் வரைந்துகொண்டேன். தேரில் இவற்றைப் போடலாமா என்று யாரையும் கேட்கவில்லை. தொடங்கிவிட்டேன். என் கை இந்த வேகத்தில் ஓடி நான் கண்டதில்லை.

ரூத்

*

கத்திவாக்கம்
21 ஆகஸ்ட் 2025

இயேசுவுக்குப் புகழ்!

ரூத்து, உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் புரையேறி, உன் அண்ணன் தலையில் தட்டி, டீ கொட்டி, கடிதத்தில் ஒரு பக்கம் போய்விட்டது. நல்லவேளை, என் பூ இருந்த பக்கம் தப்பித்தது.

குடையோடு நின்றது நீதானா? தண்ணி வாரியத்திலிருந்து யாரோ மேடம் ரகசியமாகக் கண்காணிக்க வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு பெர்சிஸ் சொன்னாள். அதனால்தான் அன்று எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்றோம். அடுத்த வாரமும் வந்து நில், புண்ணியமாகப் போகும்.

ஒரு திருத்தம். அந்தப் பூ ஆரஞ்சு இல்லை, சிவப்பு. எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் எடுக்கும்போது நல்ல ரத்தச் சிவப்பு. இந்த ஊர்த் தண்ணியில் துவைத்துத் துவைத்து அப்படி ஆகிவிட்டது. படித்தவள், அறுக்காமல் பார்த்தால் நிறம்கூடத் தெரியாதா?

இன்னொன்று. டெரிக்குக்குத் தெரிந்தால் பேஜாராகிவிடும். அவன் பூசையில் உதவும் ஆல்தார் பையனாக இருந்த காலத்திலிருந்தே அவனுக்குக் கோயில் என்றால் லில்லிதான். ஜாக்கிரதை. அதற்காக நிறுத்திவிடாதே.

என் பூவைத் தேரில் எந்தப் பக்கம் போட்டிருக்கிறாய்? பின்னால் போட்டிருந்தால் அந்தோணியாரிடம் இன்னொரு சத்தியம் பண்ண வேண்டியிருக்கும்.

பிலோமி

*

ராயபுரம்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் பூ முன்பலகையில் இருக்கிறது.

எட்டும் முடிந்து கோயில் பக்கவராண்டாவில் சாய்த்துவைத்திருந்தேன். நேற்று கொடியேற்றம் முடிந்து ஜெபத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக அங்கே நின்றார்கள். வாசலில் மீன் விற்கும் பூவம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். நாம் கும்பிடும் மாதாவுக்கு நம்மைவிட அதிகம் மெழுகுவத்தி ஏற்றுபவர் அவர், உங்களுக்குத் தெரியும்.

"இன்னா டீச்சர், என் நைட்டிப் பூ இங்க வந்து குந்திகினுகீது?"

"ஒன்னுதுல நடுவுல மஞ்சளு பூவம்மா, இது என்னுது" என்றார் எதிர் மாடி கிறிஸ்டினா.

"ஆமா, ஒன்னுதுதான். மீன் கொழம்பு ஊத்திக்கினியே, அந்தக் கறையும் கீது பாரு!"

அது கறை இல்லை, நான் வைத்த நிழல். சொன்னேன், யாரும் ஏற்கவில்லை. ஹவுசிங் போர்டு மாடிக்குப் போய்ப் பெட்டியைக் குடைந்து நைட்டியைக் கொண்டுவந்து பலகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தங்கள் பூ இல்லாதவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அண்ணி, நான் வரைந்த பூவைப் பார்த்து இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை. மதிப்பெண்தான் போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு டெரிக் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "டீச்சர், நீங்க படிச்சவங்க. மாதா தேர்ல போய் நைட்டியா? வெளியூர்க்காரன் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" இதற்குப் பழைய லில்லியே தேவலை, மேலே வெள்ளை அடித்து மூடிவிடலாம் என்கிறார். கமிட்டி ஐந்தாம் தேதி கூடுகிறது.

நான் கெஞ்சப்போவதில்லை, எனக்கு அது வராது. ஆனால் மூடிவிட்டால் நான் மறுபடி அறுத்த பூவுக்கே போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. இந்த இரண்டு வாரமும் நன்றாக இருந்தது.

ரூத்

*

கத்திவாக்கம்
3 செப்டம்பர் 2025

ரூத்து,

இன்னைக்கு நல்ல தமிழ் கிடையாது. இன்னாத்துக்கு மூடுவான் அவன்? அவன் போட்டுகினு திரியிற சட்டைல இன்னா கீதுன்னு பாத்தியா? தென்னமரம், கிளி, சூரியன் எல்லாம் கீது! அந்தச் சட்டையப் போட்டுகினு மாதா முன்னால நிக்கலாம், பொம்பள நைட்டிப் பூ மட்டும் ஆவாதா?

நீ கெஞ்சாதே. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வருகிறேன். உன்னிடம் பேசமாட்டேன், சத்தியம் சத்தியம்தான். பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். நிற்கக்கூடாது என்று சத்தியம் இல்லை.

பிலோமி

*

ராயபுரம்
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணி,

இது நாளைக்குள் உங்களுக்கு வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கமிட்டி கூடியது. மூடுவதென்று முடிவு செய்தார்கள். அது கமிட்டி விஷயம் என்று ஃபாதர் ஒதுங்கிக்கொண்டார். நாளை காலைப் பூசை முடிந்ததும் டெரிக் வெள்ளை அடிக்கிறார்.

இன்று சாயங்காலம் வராண்டாவுக்குப் போனேன். உங்கள் பூவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் வாங்கும்போது சிவப்பு என்றீர்களே, அது மனதின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு போகவில்லை. தூரிகையை எடுத்து நடுவில் சிவப்பு வைத்தேன். பிறகு இதழ் விளிம்புவரை இழுத்தேன். நாளை மூடப்போகிற பூவுக்கு எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நீங்கள் போனில் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தெரியும். அதை எழுதமாட்டேன். வாயால் சொல்ல வேண்டும் என்பதல்லவா சத்தியம்.

*8 செப்டம்பர்.* மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. ஆகவே இதிலேயே தொடர்கிறேன். மறுநாள் நீங்களும் அங்கே இருந்தீர்கள், உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நேற்று இரவுக்குள்ளேயே நீங்கள் ஊருக்கெல்லாம் போன் போட்டு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அத்திப்பட்டிலிருந்து என் மாணவி ஒருத்தி கேட்டாள். எனவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பூசை முடிந்தது. பலகைகளை ஏற்கனவே தேரில் பொருத்தியிருந்தார்கள். டெரிக் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். சட்டையில் தென்னைமரம் இருந்தது உண்மை. அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். அதே பச்சை நைட்டி. தோளில் புது வெள்ளைத் துண்டு. என்னைப் பார்க்காமல் நேராகப் போய் முன்பலகைக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"இன்னாக்கா, திருநாளும் அதுவுமா கோயிலுக்கு நைட்டியில வந்துகீற?" என்றார் டெரிக்.

"துண்டு போட்டுகினுதான் வந்துகீறேன். கண்ணு தெர்லயா?"

"அதுக்கில்லக்கா…"

"ரேஷன் கடைக்கு இப்டித்தான் போறோம். ஆஸ்பத்திரிக்கு இப்டித்தான் போறோம். நாங்க இங்க குடியிருந்தப்போ ஒங்கம்மா மாடிப்படில விழுந்துச்சே, நான் எப்டி ஓடியாந்தேன்? பட்டுப் பொடவ கட்டிகினா வந்தேன்? இதே மாதிரி நைட்டி, தோள்ல ஒரு துண்டு. அப்ப கேட்டியா நீ, இன்னாக்கா நைட்டியிலன்னு?"

தேர்க்கால் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த பூவம்மா எழுந்தார்.

"அப்ப இதுல இன்னா பேஜாரு நைனா? தேருக்கும் ஒரு துண்டு போட்டா முடிஞ்சுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, முன்பலகையின் மேல்விளிம்பில் போட்டீர்கள். வேடிக்கை பார்க்க மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த கிறிஸ்டினா தன் தோள் துண்டை எடுத்து அடுத்த பலகையில் போட்டார். அப்புறம் யார் யாரோ. முனையோடு முனை முடிந்து தேரைச் சுற்றி வந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததாக நீங்கள் சொல்வதில் இரண்டு தவறு. ஃபாதர் அழவில்லை. இருமினார். சிரிப்பை அடக்குவதற்கு என்று நினைக்கிறேன். டெரிக் பெயிண்ட் டப்பாவைத் தூக்கி எறியவில்லை. மூடியைத் தேடி எடுத்து மூடினார். பிறகு தேரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, "கோணையா தொங்குது பாரு, தேர் கௌம்பினா அவுந்துடும்" என்று உங்கள் துண்டை நேராக்கி, இறுக்கி, அவரே முடிச்சுப் போட்டார்.

நான் உங்கள் அருகில் போய், "அண்ணி, எனக்குப் பிடிச்ச பூ இதுதான்" என்றேன். அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை.

மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நெசமா?"

"நெசமா."

"சரி. பசிக்குது. வூட்ல இன்னா கீது?"

வீட்டில் ரசமும் அப்பளமும்தான் இருந்தன. சாப்பிட்டோம். நீங்கள் பேசினீர்கள். சாயங்காலம் தேர் கிளம்பும்வரை பேசினீர்கள், தேர் தெருக்களைச் சுற்றி வரும்போதும் ஜெபமாலைக்கு நடுவில் பேசினீர்கள். அண்ணன் போன் செய்து, "தேங்க்ஸ்மா" என்று மட்டும் சொல்லி வைத்தார். கீழே நின்றுதான் பேசினார் என்று நினைக்கிறேன், காற்றுச் சத்தம் இல்லை.

தேர் போன வழியில் மாடிகளில் நின்ற பெண்கள் மாதாவைக் கும்பிட்டுவிட்டு உடனே கீழே பலகையைப் பார்த்தார்கள். ஒரு மாடியிலிருந்து, "அடுத்த வருஷம் என்னுது!" என்று குரல் வந்தது. டெரிக் அண்ணாந்து பார்த்து, "பேரக் குடுத்துட்டுப் போக்கா, கமிட்டில பேசுவோம்" என்றார்.

உங்கள் துண்டை மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கள் கொடியில் காய்கிறது. நான் கடைசியாக வைத்த பெயிண்ட் காயாமல் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டு முறை துவைத்தேன், போகவில்லை. வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் சிவப்பு.

ரூத்